நீர் தேடிய நிலக்கிழார்



நாட்டின் வரலாற்றை நாம் படிக்கும்பொழுது அரசர்களின் பெயர்கள் வருகின்றன. படைத்தலைவர்களின் பெயர்கள் வருகின்றன. புலவர்கள், சான்றோர், அமைச்சர் ஆகியோரின் பெயர்களும் வருகின்றன. உழவரின் பெயர் வருவது மிக அரிது. காடு வெட்டிக் கழனி ஆக்கியவர் யார், கல்லுடைத்துக் கிணறு எடுத்தவர் யார், புதிய பயிரை முதன்முதலில் நம்பி விதைத்தவர் யார் என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. அவர்கள் செய்த வேலை மண்ணில் இருக்கிறது. பெயர் ஏட்டில் இல்லை.

அவ்வாறின்றி, பெயரும் நிலைத்து, செயலும் நிலைத்த உழவர் ஒருவரைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அவர் நெய்வேலியில் நிலம் வைத்திருந்த ஜம்புலிங்க முதலியார். அவர் விஞ்ஞானி அல்லர். பொறியியல் வல்லுநரும் அல்லர். தம் நிலத்துக்கு நீர் வேண்டிக் கிணறு தோண்டினார். நீரோடு வேறொன்றும் வந்தது. அந்த வேறொன்று தமிழ்நாட்டின் முகத்தையே மாற்றியது. அவர் தேடியது என்ன, கண்டது என்ன, அதனால் உழவர் குடிகள் பெற்றது என்ன, இழந்தது என்ன என்ற வினாக்களை வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் அந்த நிலத்தை நீங்கள் மனக்கண்ணால் காண வேண்டும். 1993-ஆம் ஆண்டு வரையில் தென்னார்க்காடு மாவட்டம் என்று ஒரே மாவட்டமாக இருந்த பகுதி, அவ்வாண்டில் கடலூர், விழுப்புரம் என்று இரண்டாகப் பிரிந்தது. கடலூர் மாவட்டத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. தெற்கே சிதம்பரத்தைச் சுற்றியுள்ள நாடு நீர்வளம் மிக்கது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கீழணையிலிருந்து பிரியும் வடவாறு, வீராணம் ஏரியை நிரப்புகிறது. பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய அந்த ஏரியிலிருந்து பல வாய்க்கால்கள் பிரிந்து சென்று, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து வயல்களுக்குப் பாய்கின்றன. தை பிறந்தால் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் நெற்கதிர் சாய்ந்து கிடக்கும்.

வடக்கேயும் மேற்கேயும் செல்லச் செல்ல நிலத்தின் நிறம் மாறுகிறது. கறுத்த வண்டல் மறைந்து செம்மண் தோன்றுகிறது. பண்ணுருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மேட்டு நிலம் அது. ஒரு பக்கம் கெடிலமும் மற்றொரு பக்கம் வெள்ளாறும் ஓடினாலும், அவ்வாறுகளின் நீர் அம்மேட்டின் மேல் ஏறுவதில்லை. வானம் பார்த்த பூமி என்று நம் முன்னோர் கூறிய நிலம் அதுவே. பலாவும் முந்திரியும் அங்கே செழிக்கும். ஏனெனில் அவை தம் வேரை ஆழச் செலுத்தித் தம் நீரைத் தாமே தேடிக்கொள்ளும். ஆனால், கம்பும் வரகும் மணிலாக்கொட்டையும் மேல்மழையை நம்பியே நிற்க வேண்டும். மணிலாக்கொட்டையை அப்பக்கத்தார் மல்லாட்டை என்பர். அதற்கும் கரும்புக்கும் வழிகாட்டவே கடலூரை அடுத்த பாலூரில் 1905-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. இன்றும் அந்த நிலையம் இயங்கி வருகிறது.

இத்தகைய மேட்டு நிலத்தில் வாழும் உழவர் குடும்பத்தின் வாழ்வு எப்படி இருந்திருக்கும்? சிதம்பரத்து உழவன் ஆற்றில் நீர் வந்ததா என்று கேட்பான். நெய்வேலி உழவன் கிணற்றில் நீர் ஊறிற்றா என்று கேட்பான். விடியுமுன் எழுந்து கவலையில் மாடுகளைப் பூட்ட வேண்டும். மாடுகள் முன்னே நடந்து பள்ளத்தில் இறங்கும்பொழுது சால் மேலே வரும். பின்னே நடந்து மேலேறும்பொழுது சால் கீழே இறங்கும். ஒருவர் மாடு ஓட்டுவார். மற்றொருவர் மடை திருப்புவார். பெரும்பாலும் அது தந்தையும் மகனும் செய்யும் வேலை. களை எடுப்பதும், கொட்டை பிடுங்கி ஆய்வதும், காயவைத்துத் தோலுரிப்பதும் வீட்டுப் பெண்களின் கைவேலை. நாள் முழுதும் இறைத்தாலும் அரை ஏக்கர் நனைவதே அரிது. கோடையில் கிணற்றின் நீர் கீழே போகப் போக, கயிற்றின் நீளம் கூடும். மாட்டின் நடையும் கூடும். ஒரு குடும்பத்தின் உணவு, கடன், மகளின் திருமணம், மகனின் படிப்பு ஆகிய அனைத்தும் அந்தக் கயிற்றிலேயே தொங்கிக் கொண்டிருந்தன என்று சொன்னால் மிகையாகாது.

ஆகவே, அந்நாட்டில் முன்னோடி என்று பெயர் பெறத் தக்கவர் யார்? அதிக நிலம் உடையவர் அல்லர். நீருக்குப் புதுவழி காண்பவரே முன்னோடி. ஜம்புலிங்க முதலியார் கண்ட வழி ஆர்டீசியன் கிணறு.

ஆர்டீசியன் கிணறு என்பது இறைக்காமலேயே நீர் தானாக மேலெழும் கிணறு. கேட்பதற்கு மாயம் போலத் தோன்றும். ஆனால், இதில் மாயம் ஒன்றுமில்லை. உங்கள் பள்ளியின் மேல்மாடியில் ஒரு நீர்த்தொட்டி இருக்கிறது. கீழே உள்ள குழாயைத் திறந்தால் நீர் விசையோடு பாய்கிறது. யாரும் அதை இறைப்பதில்லை. தொட்டி உயரத்தில் இருப்பதால், மேலுள்ள நீரின் பாரம் கீழுள்ள நீரை அழுத்தி வெளியே தள்ளுகிறது.

நிலத்துக்குள்ளும் இப்படி ஓர் அமைப்பு உண்டு. இரண்டு பலகைகளுக்கு நடுவே மணலைப் பரப்பி, அவற்றைச் சேர்த்துப் பிடித்து, ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் சரித்து வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். பலகைகள் களிமண் அடுக்குகள். அவை நீரை விடா. நடுவில் உள்ள மணல் நீரை ஏற்றுக்கொள்ளும். கடலூர் மாவட்டத்தின் அடிநிலம் இவ்வாறே மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. மேற்கே மணல் அடுக்கு வெளியே தலைகாட்டும் இடங்களில் பெய்த மழைநீர் அதற்குள் இறங்குகிறது. பிறகு அது களிமண் அடுக்குகளுக்கு இடையே சிறைப்பட்டு, சரிவின் வழியே மெல்ல மெல்லக் கிழக்கு நோக்கி நகர்கிறது. போகப் போக அழுத்தம் கூடுகிறது. கிழக்கே ஓரிடத்தில் மேலுள்ள களிமண்ணைத் துளைத்து ஒரு குழாயை இறக்கினால், சிறையிலிருந்த நீர் வழி கிடைத்த மகிழ்ச்சியில் மேலே பொங்குகிறது. கவலை வேண்டா, மாடு வேண்டா, இரவும் பகலும் நீர் வழிந்தோடும். நீருக்காக ஏங்கிய உழவனுக்கு இதைவிடப் பெரிய பேறு உண்டோ?

இந்தப் பேற்றை நாடியே ஜம்புலிங்க முதலியார் நெய்வேலியில் தம் நிலத்தில் ஆழ்துளை இடச் செய்தார். 1935-ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தது இது. துளை ஆழமாகச் சென்றது. நீர் வந்தது. அதனோடு கறுப்பும் பழுப்புமான துணுக்குகளும் வந்தன. வயலுக்கு நீர் வேண்டியிருந்த ஒருவர், நீர் வந்துவிட்டது என்று மகிழ்ந்து, அழுக்கு போகும் வரையில் நீரை ஓடவிட்டு, பிறகு தம் வேலையைப் பார்த்திருக்கலாம். பலர் அப்படித்தான் செய்திருப்பர். அவர் அவ்வாறு செய்யவில்லை. இது என்ன பொருள் என்று கேட்டார். அக்கேள்வியை அன்றைய அரசினரின் கவனத்துக்கும் கொண்டு சென்றார்.

மாணவர்களே, இவ்விடத்தில் சிறிது நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அந்தக் கறுப்புத் துணுக்குகள் நம் நாட்டில் தலைகாட்டியது அதுவே முதன்முறை அன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, புதுச்சேரியை அடுத்த பாகூர்ப் பக்கத்தில் ஆர்டீசியன் கிணற்றுக்காகத் துளையிட்டபொழுது அதே பொருள் தென்பட்டது. அறிஞர் சிலர் அதைக் குறித்தும் வைத்தனர். ஆனால் அச்செய்தி ஏட்டோடு நின்றுவிட்டது. ஒரு பொருள் கண்ணில் படுவது வேறு. அதைக் கண்டவர் விடாது பற்றிக்கொள்வது வேறு. கண்டுபிடிப்பு என்பது இரண்டாவதே ஆகும். ஜம்புலிங்க முதலியாரின் சிறப்பு, கறுப்புத் துணுக்கு அவர் கிணற்றில் வந்தது அன்று; வந்ததை அவர் சும்மா விடாததே அவர் சிறப்பு.

அப்பொருளே பழுப்பு நிலக்கரி. லிக்னைட் என்று அதை வழங்குவர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் அடர்ந்த சதுப்புக் காடுகள் இருந்தன. மரங்கள் நீரில் விழுந்தன. காற்றுப் படாமல் மணலாலும் களிமண்ணாலும் மூடப்பட்டன. மேலுள்ள மண்ணின் பாரத்தாலும் வெப்பத்தாலும் மெல்ல மெல்ல மாறின. முழுதும் மாறியிருந்தால் கறுப்பு நிலக்கரி ஆகியிருக்கும். பாதி வழியில் நின்றதால் பழுப்பு நிலக்கரி ஆயிற்று. தோண்டி எடுக்கும்பொழுது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீரே. அதனால் வெப்பம் தரும் ஆற்றல் குறைவு. ஆயினும் சாம்பலும் குறைவு. அந்தப் பழங்காடுகள் நம் நாட்டில் இருந்தன என்பதற்குக் கண்கூடான சான்று வேண்டுமானால், விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குச் செல்லுங்கள். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் அங்கே கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன. ஒரே நாட்டில், சில மரங்கள் கல்லாயின; சில மரங்கள் கரியாயின.

இந்தக் கரி எத்துணை வேண்டியதாக இருந்தது என்பதையும் நீங்கள் அறிதல் வேண்டும். தமிழ்நாட்டில் கறுப்பு நிலக்கரி இல்லை. இரயில் வண்டிக்கும் ஆலைக்கும் மின்நிலையத்துக்கும் வேண்டிய கரியெல்லாம் வங்காளம், பீகார் முதலிய தொலைநாடுகளிலிருந்து இரயிலிலும் கப்பலிலும் வந்தன. இரண்டாம் உலகப் போர் மூண்டபொழுது இந்த வரவு தடைப்பட்டது. அப்பொழுதுதான் நெய்வேலியின் கறுப்புத் துணுக்குகள் அரசினரின் கண்களுக்குப் பொன்னாகத் தோன்றின. 1943 முதல் 1946 வரையில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் அங்கே துளையிட்டு ஆராய்ந்தனர். நாடு விடுதலை பெற்ற பின், சென்னை அரசினர் கோஷ் என்ற சுரங்கப் பொறியியலாளரைக் கொண்டு 1949 முதல் விரிவான ஆய்வு நடத்தினர். நூறு சதுர மைல் அளவுள்ள பரப்பில் 200 கோடி டன் பழுப்பு நிலக்கரி புதைந்து கிடக்கிறது என்ற மதிப்பீடு அப்பொழுது உருவாயிற்று. ஓர் உழவரின் கிணற்றில் வந்த கைப்பிடித் துணுக்கு, 200 கோடி டன் செல்வத்தின் நுனியாக இருந்தது!

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காமராசர் தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் மத்திய அரசின் நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நான்கு ஆண்டுகள் மண்ணை அகற்றிய பின், 1961-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. மறு ஆண்டே மின்சாரம் பிறந்தது. சோவியத் நாட்டின் துணையோடு கட்டப்பட்ட அனல்மின் நிலையம் 250 மெகாவாட் அளவுக்குத் திட்டமிடப்பட்டு, பின்னர் 600 மெகாவாட்டாக வளர்ந்தது.

இத்திட்டத்துக்கு ஜம்புலிங்க முதலியார் அளித்தது செய்தி மட்டும் அன்று. தம் நிலத்தில் 620 ஏக்கரையும் அவர் கொடையாக வழங்கினார். ஓர் உழவர் குடும்பத்துக்கு நிலம் என்பது என்ன என்று நீங்கள் அறிவீர்கள். பணம் செலவாகும், நகை அடகு போகும், நிலம் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை நிற்கும். பிள்ளைக்குத் தந்தை விட்டுச் செல்லும் சொத்தும் அதுவே, சொல்லும் அதுவே. அந்நிலத்தைத் தருகிறவர், தம் கையில் இருப்பதை மட்டும் தருவதில்லை. தம் மக்களின் கையில் இருக்க வேண்டியதையும் சேர்த்தே தருகிறார். ஆகவே, உழவர் நிலம் கொடுத்தார் என்றால், அவர் குடும்பம் கொடுத்தது என்றே நாம் பொருள் கொள்ள வேண்டும்.

இனி, இந்த வரலாற்றில் என்னை மிகவும் வியக்கச் செய்த பகுதிக்கு வருகிறேன். அவர் தேடியது நீர், கிடைத்தது கரி. அக்கரியை எடுக்க முயன்றவர்களுக்குப் பெரும் பகையாக வந்து நின்றது எது தெரியுமா? அவர் தேடிய அதே நீர்தான்!

எப்படி என்று கேட்பீர்கள். கரி அடுக்கு தரைக்குக் கீழே ஏறத்தாழ 50 மீட்டர் முதல் 100 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதன் அடியிலே ஆர்டீசியன் நீர் சிறைப்பட்டிருக்கிறது. முதலியாரின் துளை கரி அடுக்கைக் கடந்து அந்நீரைத் தொட்டதால்தான் நீரோடு கரித் துணுக்கும் மேலே வந்தது. அந்நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையில் இருக்கும். மேலே மண் மூடியிருக்கும் வரையில் அப்பாரம் நீரை அடக்கி வைத்திருக்கிறது. கரிக்காக மண்ணை அகற்றினால் மூடியை எடுத்தது போலாகும்; நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே பாயும்; ஆளும் இயந்திரமும் மூழ்கிவிடும். ஆகவே கரியை வெட்டுமுன் நீரை அடக்க வேண்டியிருந்தது. சுரங்கத்தைச் சுற்றிலும் பல ஆழ்கிணறுகளை இறக்கி, இரவு பகல் ஓயாது நீரை இறைத்து அதன் அழுத்தத்தைக் குறைத்தார்கள். சுரங்கம் உள்ள வரையில் அவ்விறைப்பும் நிற்காது. ஒரு கணம் நின்றாலும் இடர்தான்.

நான் ஒருமுறை அச்சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே நோக்கியிருக்கிறேன். படிப்படியாக இறங்கும் செம்மண் சரிவு. அதன் அடியில் கறுத்த கரித் தளம். சுழலும் பெருஞ்சக்கரத்தில் வாளிகள் பொருத்திய மண்வெட்டும் பொறிகள். ஒவ்வொரு பொறியும் பல மாடிக் கட்டடம் போல் உயர்ந்து நின்றது. ஆனால், என் மனம் சென்றது அப்பொறிகளின் பக்கம் அன்று. ஒரு பக்கமாகக் குழாய்களில் வந்து ஓடிக்கொண்டிருந்த நீரின் பக்கம். எந்த நீருக்காக ஒரு காலத்தில் கவலை மாடுகள் நடந்து நடந்து தேய்ந்தனவோ, அந்த நீர் அங்கே வேண்டாத பொருளாய் ஓடிற்று. அது முற்றும் வீணாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்நீர் நெய்வேலி நகருக்குக் குடிநீராகவும் மின்நிலையத்துக்கும் பயன்படுகிறது. ஒரு பகுதி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி முதலியவற்றை அடைந்து வயல்களுக்கும் பாய்கிறது.

நெய்வேலிக் கரி உழவருக்குச் செய்த நன்மை என்ன? முதற்கண் மின்சாரம். கவலையும் ஏற்றமும் நின்ற கிணற்று மேட்டில் மின்சாரப் பம்பு வந்து அமர்ந்தது. தமிழ்நாட்டின் வயல்களில் இன்று இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மின்பம்புகள் இயங்குகின்றன. அவற்றை இயக்கும் மின்சாரத்தின் ஒரு பகுதி நெய்வேலியிலிருந்து வருகிறது. தம் ஒரு கிணற்றுக்கு நீர் தேடிய உழவர், தாம் அறியாமலே பல்லாயிரம் கிணறுகளுக்கு நீர் இறைத்துத் தந்தார் என்று சொல்லலாம் அன்றோ? அடுத்து, யூரியா உரம். 1960-களில் நெய்வேலியில் உரத் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. புகையில்லாக் கரியும் அங்கே செய்யப்பட்டது. லெக்கோ என்ற பெயரில் அது தமிழ்நாட்டு அடுப்புகளில் பல்லாண்டு எரிந்ததை உங்கள் பாட்டியார் சொல்லக் கேட்கலாம். உரத் தொழிற்சாலையும் லெக்கோ தொழிற்சாலையும் பின்னர் மூடப்பட்டுவிட்டன. அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த முதல் அனல்மின் நிலையமும் 2020-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. அதன் பின் கட்டப்பட்ட நிலையங்கள் வேலையைத் தொடர்கின்றன. நெய்வேலியிலேயே இப்பொழுது கதிரவன் ஒளியிலிருந்தும் மின்சாரம் எடுக்கிறார்கள்.

நன்மையை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பாதி உண்மையையே சொன்னவன் ஆவேன். மற்றப் பாதியையும் நீங்கள் கேட்க வேண்டும்.

ஜம்புலிங்க முதலியார் நிலத்தைத் தாமே முன்வந்து கொடுத்தார். அவருக்குப் பின் சுரங்கங்கள் விரிய விரிய, எத்தனையோ சிற்றூர்களின் நிலங்கள் எடுக்கப்பட்டன. அக்குடும்பங்களுள் பலவற்றுக்கு அவரைப் போல் நூற்றுக்கணக்கான ஏக்கர் இருக்கவில்லை. இரண்டு ஏக்கர், ஓர் ஏக்கர், ஒரு முந்திரித் தோப்பு, ஒரு வீடு, அவ்வளவே. அரசு இழப்பீடு தந்தது. மாற்று மனை தந்தது. சிலருக்கு வேலையும் கிடைத்தது. ஆயினும், தந்த விலை போதுமா, வீட்டுக்கு ஒருவருக்கேனும் நிலையான வேலை உண்டா என்ற வினாக்கள் தலைமுறை கடந்தும் அடங்கவில்லை. பணம் கிடைத்தவரும், பலா மரத்தின் நிழலையும், ஊர்க் கோயிலையும், பக்கத்து வீட்டு உறவையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று அறியாது நின்றனர். இரவும் பகலும் நீர் இறைத்ததால், சுற்று வட்டாரத்தில் தாமாகப் பொங்கிய ஊற்றுக் கிணறுகள் பொங்குவதை நிறுத்தின. முதலியார் நாடிச் சென்ற அதே செல்வத்தை அவருக்குப் பின் வந்த உழவர்கள் இழந்தனர்.

2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நிகழ்ந்ததை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். முன்னரே சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட நிலத்தில், உழவர்கள் தொடர்ந்து நெல் விளைவித்து வந்தனர். பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டும் பொருட்டு, பச்சைப் பயிரின் மேல் இயந்திரங்கள் இறங்கின. சட்டத்தின் கண்ணில் அந்நிலம் நிறுவனத்தின் நிலம். ஆனால் பயிர்? அதை விதைத்த கையும், நீர் பாய்ச்சிய கையும் உழவன் கை அன்றோ? வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வீதம் இழப்பீடு வழங்குமாறு நீதிமன்றம் பணித்தது. அறுவடைக்கு ஓரிரு திங்கள் காத்திருக்கலாகாதா என்று அன்று நாடெங்கும் எழுந்த வினா, பணத்தால் தீர்ந்துவிடும் வினா அன்று.

இதற்கு மூன்றாண்டு முன்னதாகவே, 2020-ஆம் ஆண்டில், காவிரிப் பாசனப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அறிவித்தது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஒன்றியங்கள் அம்மண்டலத்துக்குள் வருகின்றன. சிதம்பரத்தைச் சூழ்ந்த நெல்வயல்களுக்கு அது ஒரு வேலி. நெய்வேலிப் பக்கத்து மேட்டு நிலத்துக்கோ அந்த வேலி இல்லை. ஒரே மாவட்டத்தில் ஒரு முகம் சோற்றைக் காக்கிறது. மற்றொரு முகம் விளக்கை ஏற்றுகிறது. சோறும் வேண்டும், விளக்கும் வேண்டும் என்று நாம் எளிதில் சொல்லிவிடுவோம். விளக்குக்கு எண்ணெயாய் உருகுபவர் யார் என்பதையும் எண்ணிப் பார்ப்பதே நேர்மை.

ஜம்புலிங்க முதலியாரின் வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டியவை இரண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று, கூர்ந்து நோக்கும் இயல்பு. ஆய்வுக்கூடத்தில்தான் அறிவியல் பிறக்கும் என்று எண்ணாதீர்கள். கிணற்று மேட்டிலும் பிறக்கும். களத்து மேட்டிலும் பிறக்கும். கல்லூரியில் படிக்கும் உங்களுக்குக் கருவிகள் உண்டு, நூல்கள் உண்டு, கேட்டால் விடை சொல்ல ஆசிரியர்கள் உண்டு. அவருக்கு இருந்தது ஒரு கிணறும், கைப்பிடிக் கறுப்புத் துணுக்கும், இது என்ன என்ற ஒரு கேள்வியுமே.

மற்றொன்று, கொடுத்தவரை மறவாமை. 620 ஏக்கர் கொடுத்த பெருநிலக்கிழாரை நாம் பெயர் சொல்லி நினைக்கிறோம், அது முறையே. ஓர் ஏக்கரை இழந்த சிற்றுழவரையும் அதே நினைவில் சேர்த்தல் வேண்டும். பெரிய நிலத்திலிருந்து கொடுத்ததும் கொடையே. இருந்த சிறிதையும் நாட்டுக்காக இழந்ததும் கொடையே. முன்னது மனமுவந்து தந்தது. பின்னது சட்டத்தின் வழியே பெற்றது. அந்த வேற்றுமையை உணர்ந்து, பின்னவர்க்கு உரியதைக் குறைவின்றிச் செய்வது நாட்டின் கடமை. உங்களுள் சிலர் நாளைப் பொறியியலாளர் ஆவீர்கள். சிலர் ஆட்சியாளர் ஆவீர்கள். சிலர் நீதிபதிகளும் ஆகலாம். ஒரு நிலத்தின் வரைபடம் உங்கள் மேசைமேல் விரிக்கப்படும் நாளில், அதில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் ஒரு குடும்பம் கிணறு வெட்டி வாழ்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இரவில் விளக்கின்கீழ் அமர்ந்து பாடம் படிக்கிறீர்கள். அவ்விளக்கின் ஒளியில் சிறு துளியேனும் நெய்வேலி மண்ணிலிருந்து வந்திருக்கக் கூடும். அம்மண்ணுக்கு உரியவர்கள் உழவர்கள். அவ்வொளியில் நீங்கள் பெறும் கல்வி அவர்களுக்குப் பயன்படுமாயின், அதுவே அவர்களுக்கு நீங்கள் செலுத்தும் நன்றி ஆகும்.